தொலைபேசிக்குப் பின்னால் இருக்கும் நிறுவனங்கள்: வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டியவை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வியாபாரம் செய்யும் நம்மவர்களிடம் சீனி விலை என்னவென்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். டீசல் விலை எப்போது மாறும் என்று கேட்டால் மாதக் கடைசி இரவு என்பார்கள். ஆனால் நாள் முழுக்கக் காதில் வைத்திருக்கும் தொலைபேசி சரியாக வேலை செய்யாவிட்டால் எங்கே போவது என்று கேட்டுப் பாருங்கள். "கம்பனிக்கு அடிச்சுச் சொல்லிப் பார்க்கலாம்" என்பதற்கு மேல் பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்காது. அந்தக் கம்பனி யாருடையது, அதற்கு அனுமதி கொடுத்தது யார், கட்டணத்தைக் கூட்டவும் குறைக்கவும் சம்மதம் தருவது யார் என்பதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத விடயங்கள் போல இருந்து வருகிறோம்.

என்னுடைய தொழில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது. ஆண்டு முடிவில் பலருடைய பில்கள் என் மேசைக்கு வரும். மின்சாரப் பில்லைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துப் பத்திரமாகக் கொண்டு வருவார்கள். தொலைபேசிச் செலவுக்கு மட்டும் துண்டுக் கடதாசிகூட இருக்காது. ரீலோட் போட்டது, டேட்டா போட்டது எல்லாம் காற்றோடு போயிருக்கும். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

அரச திணைக்களமாக இருந்த காலம்

இலங்கையில் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே போடப்பட்டது. பின்னர் மிக நீண்ட காலம் தந்தியும் தொலைபேசியும் தபாலும் அரசின் கையிலேயே இருந்தன. 1980இல் தபால் வேறாகவும் தொலைத்தொடர்பு வேறாகவும் பிரிக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் மூலம் திணைக்களம் கூட்டுத்தாபனமாகியது. 1996இல் அது கம்பனியானது. அடுத்த ஆண்டு, 1997இல், அதன் 35 சதவீதப் பங்குகளை ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 225 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. இதுதான் ஸ்ரீலங்கா டெலிகொம் உருவான கதை.

அந்தக் காலத்தில் ஒரு கடைக்குத் தொலைபேசி எடுப்பதென்றால் விண்ணப்பம் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எம்.பி.யின் கடிதம் கொண்டு போனவர்கள் உண்டு. கடையில் தொலைபேசி இருக்கிற முதலாளி என்றால் அவருக்கு வங்கியிலேயே தனி மரியாதை. கொழும்பு சென். ஜோன்ஸ் சந்தையில் மீன் என்ன விலைக்குப் போனது என்பது தொலைபேசி வைத்திருந்த கூலர் லொறிக்காரருக்குத் தெரியும், கரையில் படகை இழுத்து வைத்தவருக்குத் தெரியாது. அந்த ஒரு தகவல் கையில் இருந்ததாலேயே சிலர் லட்சக்கணக்கில் உழைத்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் கம்பி போடுவது தாமதமானதன் விலையைக் கட்டியவர் கரையில் நின்றவர்தான்.

இதற்கிடையில் 1989இல் செல்டெல் நிறுவனம் கையடக்கத் தொலைபேசிச் சேவையை ஆரம்பித்தது. தெற்காசியாவிலேயே இதுதான் முதலாவது. 1993இல் மொபிடெல்லும், 1995இல் டயலொக்கும் வந்தன. 1996இல் சன்டெல், லங்கா பெல் என்ற இரண்டு கம்பனிகளுக்குக் கம்பியில்லா நிலையான தொலைபேசி வழங்க அனுமதி கிடைத்தது. கொழும்பில் இவையெல்லாம் நடந்து கொண்டிருந்தபோது நம் மாவட்டம் யுத்தத்துக்குள் இருந்தது. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகுதான் கிண்ணியாவிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் தொலைபேசி ஒரு சாதாரண மனிதனின் பொருளாக மாறத் தொடங்கியது.

கொமினிகேஷன் கடைகளின் எழுச்சியும் வீழ்ச்சியும்

அந்த ஆண்டுகளில் நம் பகுதியில் எத்தனை கொமினிகேஷன் கடைகள் இருந்தன என்பதை இப்போது முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பலகைத் தடுப்புப் போட்ட சின்னப் பெட்டி அறை, உள்ளே ஒரு தொலைபேசி, வெளியே நிமிடத்தைக் காட்டும் மீட்டர். சவூதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் இருக்கிற கணவனோடு, மகனோடு பேசப் பெண்கள் வரிசையில் இருப்பார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு நாள் கறிக்காசு போய்விடும்.

அவ்வளவு விலை ஏன்? வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் தனியுரிமை டெலிகொம் நிறுவனத்திடம் மட்டும் இருந்தது. அந்தத் தனியுரிமை 2002 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. 2003இல் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்புகளை இணைக்கும் அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. கட்டணம் மளமளவென்று இறங்கியது. வாடிக்கையாளருக்கு அது பெரிய நிம்மதி. கொமினிகேஷன் முதலாளிக்கோ அதுவே முடிவின் ஆரம்பம். அதன் பின் வீட்டுக்கு வீடு சி.டி.எம்.ஏ. தொலைபேசிப் பெட்டிகள் வந்தன, பிறகு கைக்குக் கை மொபைல் வந்தது. நகை அடகு வைத்து நாலு லைன் எடுத்துக் கடை போட்டவர்கள் போட்டோகொப்பிக்கும் ரீலோட் கொமிஷனுக்கும் மாறினார்கள். மாறாதவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் யாரும் சோம்பேறியாக இருந்து தோற்கவில்லை. கொழும்பில் ஓர் ஆணைக்குழு எடுத்த முடிவு வர்த்தமானியில் வந்து, பத்திரிகையில் வந்து, இரண்டு வருடம் கழித்து அவருடைய மேசை இலாச்சியைத் தொட்டது. வர்த்தமானி வந்த நேரத்திலேயே அதைக் கவனித்தவர்கள் புதிய லைன் எடுப்பதை நிறுத்திவிட்டு, கையடக்கத் தொலைபேசி விற்கத் தொடங்கினார்கள். இன்று திருகோணமலைப் பிரதான வீதியில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் சிலர் அப்படி மாறியவர்கள்தான்.

யார் விற்பவர், யார் மேற்பார்வையாளர்?

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருவோம். 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவாக்கப்பட்டது. கம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம் கிடைப்பது, அலைவரிசை ஒதுக்குவது, கட்டண அங்கீகாரம், பாவனையாளரின் முறைப்பாடு எல்லாம் இந்த ஆணைக்குழுவின் வேலை. சாமான் விற்பவர் கம்பனி, தராசைச் சரிபார்ப்பவர் ஆணைக்குழு. நம்மவர்கள் தராசு பிழை என்று தராசுக்காரனிடமே சண்டை பிடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

தராசு சில நேரம் மேலேயும் போகும். 2010இல் கம்பனிகள் ஒன்றையொன்று வெட்டிக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனபோது, அதற்குக் கீழே போகக் கூடாது என்று குறைந்தபட்சக் கட்டணத்தை ஆணைக்குழு விதித்தது. 2022 செப்டம்பரில் ரூபாய் வீழ்ந்திருந்த நேரத்தில் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 சதவீதம் உயர்த்த அனுமதி கொடுத்ததும் அதே ஆணைக்குழுதான்.

விற்பவர்களின் தொகையும் சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் ஐந்து மொபைல் கம்பனிகள் இருந்தன. 2018இல் எடிசலாட்டை ஹட்ச் எடுத்துக்கொண்டது. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்தது. இன்று டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று மூன்றுதான். டயலொக்கின் பெரும்பங்கு மலேசியாவின் அசியாட்டா குழுமத்திடம் இருக்கிறது. மொபிடெல் 2002 முதல் டெலிகொம் நிறுவனத்துக்கே முழுமையாகச் சொந்தம். டெலிகொம் நிறுவனத்தில் அரசுக்கு ஏறக்குறைய 49.5 சதவீதமும், 2008இல் என்.டி.டி.யின் இடத்துக்கு வந்த மலேசியத் தொடர்புள்ள நிறுவனத்துக்கு ஏறக்குறைய 45 சதவீதமும் உண்டு. 2023இல் அரசின் பங்கை விற்க முயன்றார்கள். தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கின. 2024இல் ஆட்சி மாறியபின் அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஸ்டார்லிங்க் 2024 ஆகஸ்டில் அனுமதிப்பத்திரம் பெற்று 2025இல் சேவையைத் தொடங்கியது. ஆனால் அதன் கருவி விலையும் மாதக் கட்டணமும் நம் சிறு கடைகளுக்குக் கட்டுப்படியாகாது.

அரசு வைத்திருப்பதா, விற்பதா என்ற இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. மத்திய அமெரிக்காவில் கொஸ்டாரிக்கா என்றொரு சின்ன நாடு. அங்கே ஐ.சி.ஈ. என்ற அரச நிறுவனம் 1949இல் மின்சாரத்துக்காக ஆரம்பிக்கப்பட்டு, 1960களில் தொலைபேசியையும் பொறுப்பேற்றது. கிராமங்களுக்கெல்லாம் மலிவாகக் கம்பி போட்டுக் கொடுத்ததால் மக்களுக்கு அதன்மேல் பெரும் பற்று. 2000ஆம் ஆண்டில் தனியாருக்குத் திறக்கச் சட்டம் கொண்டுவந்தபோது நாடே வீதிக்கு வந்தது, அரசு பின்வாங்கியது. ஆனால் மொபைல் காலம் வந்தபோது அதே நிறுவனத்தால் கேட்டவர்களுக்கெல்லாம் இணைப்புக் கொடுக்க முடியவில்லை. 2007 ஒக்டோபரில் அமெரிக்காவுடனான வர்த்தக ஒப்பந்தத்துக்கு மக்கள் தீர்ப்புக் கேட்டார்கள். சிறிய வித்தியாசத்தில் ஆம் என்ற பக்கம் வென்றது. 2008இல் சட்டமும் மேற்பார்வை அமைப்பும் வந்து, 2011 இறுதியில் வெளிநாட்டுக் கம்பனிகள் சேவையை ஆரம்பித்தன. ஐ.சி.ஈ. விற்கப்படவில்லை, போட்டியில் நின்று இன்றும் வியாபாரம் செய்கிறது. அதே மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சல்வடோரோ 1998இல் அரச தொலைபேசி நிறுவனத்தை விற்றேவிட்டது. நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம், பாதி அரசு, பாதி தனியார். என் அபிப்பிராயத்தில் உடைமை யாரிடம் என்பதைவிட மேற்பார்வையாளர் எவ்வளவு பலமாக இருக்கிறார் என்பதே கடைக்காரருக்கு முக்கியம். கம்பனிகள் மூன்றாகக் குறைந்திருக்கும் இன்றைய நிலையில் அது இன்னும் முக்கியம்.

மேற்பார்வையாளரின் கைக்கு இன்னொரு வலுவும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் பேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவை அரசின் உத்தரவில் முடக்கப்பட்டன. 2018இல் அது ஒரு வாரம் நீடித்தது. கொழும்புக்கு அனுப்பும் நண்டு, இறால் ஓடர்களை வாட்ஸ்அப்பில் மட்டுமே வைத்திருந்த ஒருவர் அந்த வாரம் பழைய கொப்பியைத் தேடி இலக்கங்களைப் பொறுக்கி எடுத்ததை நான் பார்த்தேன். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது, டீசல் இல்லாமல் கோபுரங்களும் அடங்கின. முக்கியமான வாடிக்கையாளர்களின் இலக்கங்கள் கடதாசியிலும் இருக்கட்டும் என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதனால்தான்.

இலக்கம் யாருடைய பெயரில்?

மூதூர்ப் பக்கத்துக் கருவாட்டு வியாபாரி ஒருவர். பெயர் வேண்டாம், நானா என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருடமாக ஒரே மொபைல் இலக்கம். லொறியின் பக்கத்தில் எழுதியிருக்கும், கருவாட்டுப் பைகளில் அச்சடித்திருக்கும், தம்புள்ளையிலும் குருநாகலிலும் உள்ள மொத்த வியாபாரிகள் அந்த இலக்கத்தைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் போன் தொலைந்தது. புதிய சிம் எடுக்கப் போனால், இந்த இலக்கம் உங்கள் பெயரில் இல்லை என்றார்கள். விசாரித்தால், பன்னிரண்டு வருடத்துக்கு முன் சிம் வாங்கும்போது அடையாள அட்டை கொடுத்தது அப்போதைய டிரைவர் தம்பி. அவர் கட்டாருக்குப் போய் ஆறு வருடம். அங்கிருந்து கடிதம் எடுத்து, அடையாள அட்டைப் பிரதி எடுத்து, இலக்கம் திரும்பிக் கைக்கு வர மாதக்கணக்கானது. அதற்குள் இரண்டு மொத்த வியாபாரிகள் வேறு இடத்தில் சரக்கெடுக்கப் பழகிவிட்டார்கள். பை அச்சடித்த செலவு சின்னது. அந்த இரண்டு வாடிக்கைகளின் பெறுமதியை நானும் அவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, ஒரு பழைய த்ரீவீலர் வாங்கும் காசு வந்தது.

சட்டத்தின் கண்ணில் இலக்கத்தின் பாவனையாளர் என்பவர் பதிவில் உள்ளவர். நீங்கள் எத்தனை வருடம் பேசினீர்கள் என்பது கணக்கில்லை. ஆகவே கடையின் இலக்கம் உங்கள் பெயரில் அல்லது வியாபாரத்தின் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வியாபாரப் பெயரில் மாற்றுவதற்குப் பிரதேச செயலகத்தினூடாகப் பெறும் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் தேவைப்படும். அது இல்லாதவர்கள் நம்மில் இன்னும் பலர். வியாபாரப் பெயரில் பில் வந்தால் அதில் இன்னொரு நன்மையும் உண்டு. தொலைபேசிப் பில்லில் 2011இல் கொண்டுவரப்பட்ட தொலைத்தொடர்பு வரியும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள வற் வரியும் சேர்ந்து வருகின்றன. வற் வரிக்குப் பதிவு செய்தவர்கள் முறையான வரிப் பட்டியல் இருந்தால்தான் அதைக் கழித்துக் காட்டலாம். டிரைவர் பெயரில் உள்ள சிம்முக்கு ரீலோட் போட்ட காசை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

தொலைபேசி விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கையடக்கத் தொலைபேசிகளையும் ரேடியோக் கருவிகளையும் விற்க ஆணைக்குழுவின் விற்பனையாளர் அனுமதிப்பத்திரம் வேண்டும். சூட்கேஸில் வந்த போனை வாங்கி விற்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 2025 ஜனவரி 28ஆம் திகதிக்குப் பிறகு புதிதாக வாங்கும் போன்களின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஐ.எம்.ஈ.ஐ. என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, அந்தப் பதினைந்து இலக்கத்தையும் சேர்த்து 1909க்கு குறுஞ்செய்தி அனுப்பினால் பதிவு உண்டா இல்லையா என்று தெரியும். படகில் ரேடியோ பொருத்துபவர்களும் அனுமதி எடுக்க வேண்டும், அலைவரிசை அரசின் சொத்து.

முறைப்பாடு செய்யும் முறை

முதலில் கம்பனியிடம் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கித் திகதியோடு எழுதி வையுங்கள். இலக்கம் தராமல் "பார்க்கிறோம் சேர்" என்று வைத்துவிட்டால் அது முறைப்பாடே அல்ல. நியாயமான காலத்தில் தீர்வு வராவிட்டால் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்திலும் அனுப்பலாம். எழுத்தில் அனுப்புவதே நல்லது. தமிழில் எழுதுங்கள். தமிழ் அரசகரும மொழி. தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் தர வேண்டியது அரச நிறுவனத்தின் கடமை, அதற்காக நீங்கள் யாரிடமும் மொழிபெயர்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாங்கிய போன் பழுது, உத்தரவாத அட்டைப்படி திருத்தித் தரவில்லை என்பது போன்ற விடயங்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு உரியவை. அதன் இலக்கம் 1977.

இதற்கு மேல் ஒரு வழி இருக்கிறது, நம்மவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் வழி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அமைச்சும் கச்சேரியும் மட்டும்தான் அதற்குள் வரும் என்று நினைக்கிறார்கள். அரசுக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனியும் அந்தச் சட்டத்தில் பகிரங்க அதிகாரசபைதான். டெலிகொம் நிறுவனத்தில் அரசின் பங்கு எவ்வளவு என்று மேலே சொன்னேன். ஆணைக்குழுவும் துறைமுக அதிகாரசபையும் சொல்லாமலே அதற்குள் அடங்கும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும், தருவதென்றால் அதன் பின் 14 நாட்களுக்குள் தர வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் திருப்தி இல்லையென்றால் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு. தனி மனிதர்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் ஒரு சங்கமே விண்ணப்பிக்கலாம். கிண்ணியா வர்த்தகர்கள் ஒரு சங்கமாகவும், திருகோணமலைச் சந்தைக்காரர்கள் ஒரு சங்கமாகவும் கடிதத் தலைப்பில் கேட்கும்போது, ஒருவர் தனியாகக் கேட்பதைவிட அதற்குக் கனம் அதிகம்.

என்ன கேட்பது? "ஏன் சிக்னல் இல்லை?" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல, குறை. கையில் இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் மூதூர்ப் பிரதேச செயலகப் பிரிவிலிருந்து கிடைத்த பழுது முறைப்பாடுகளின் எண்ணிக்கை, அவை ஒவ்வொன்றும் தீர்க்கப்பட எடுத்த நாட்கள், பைபர் இணைப்புக்காக விண்ணப்பித்துக் காத்திருப்போர் தொகை, இணைப்பு விரிவாக்கத்துக்கான இந்த ஆண்டுத் திட்டத்தின் பிரதி. ஆணைக்குழுவிடமென்றால் திருகோணமலை மாவட்டத்தில் எடுத்த சேவைத் தர அளவீடுகளின் அறிக்கை. போட்டோகொப்பியில் முதல் நான்கு பக்கங்கள் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்குச் சில்லறைக் காசுதான். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். 14 நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் திகதியை வைத்துத்தான்.